வெள்ளைப்புழுவைக் கொல்ல முதல் அதை நடக்க விட்டுப் பாருங்கள்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. போன மார்கழியில் பின்வளவில் தொடங்கின கூட்டெருக் கும்பி. ஏழு மாதமாகக் குப்பையைக் கொட்டியதோடு சரி, புரட்டவே இல்லை. மாரிப் பயிருக்கு எரு வேணுமென்று போன சனிக்கிழமை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினாவாம். பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைப்புழுக்கள் உருண்டு விழுந்தன. கூடவே ஒரு தேரை, இரண்டு அரணை, அடியில் ஒரு பாம்பு கழற்றின செட்டை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டா. வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொல்கிறார், மாமி கோழியை விடச் சொல்கிறா. என்ன செய்ய வேணும் என்பதுதான் கேள்வி. வளவில் ஆறு தென்னை நிற்கிறது என்றும் எழுதியிருக்கிறா. அந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு மிக முக்கியம்.

தங்கச்சி, முதலில் மண்ணெண்ணெயை எடுத்து உள்ளே வையுங்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். பொந்தும் வெடிப்புமாக இருக்கும் அந்தக் கல்லுக்குள் மேலே ஊற்றுவதெல்லாம் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். அதைவிட, கொளுத்தினால் ஏழு மாத எரு சாம்பலாகிவிடும். கோழி விசயத்துக்குப் பிறகு வருகிறேன்.

புழுதான் முதல் வேலை. கும்பியில் வளரும் வெள்ளைப்புழு எல்லாம் ஒரே சாதியில்லை. நான் பத்துப் பன்னிரண்டு வருசம் எந்த வெள்ளைப்புழுவைக் கண்டாலும் வாளியில் பொறுக்கிப் போட்டு வெந்நீர் ஊற்றினவன். பாதிக்கு மேல் நல்லதுகளைத்தான் கொன்றிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் கும்பியில் இரண்டு வகை இருக்கலாம். ஒன்று காண்டாமிருக வண்டின் புழு. தென்னங்குருத்தைக் குடைந்து, விரிகிற ஓலையைக் கத்தரியால் விசிறி வெட்டினது மாதிரி ஆக்குமே, அந்த வண்டு. பனையையும் அது விட்டுவைக்காது. மற்றது பூவண்டுகளின் புழு. அது உக்கினதைத் தின்று உருண்டை உருண்டையாக எரு கழிக்கும். உயிருள்ள வேருக்கோ தென்னைக்கோ அதனால் ஒரு தீங்கும் இல்லை. மண்புழு செய்கிற வேலையைத்தான் பெரிய வாயால் செய்கிறது.

இரண்டும் வெள்ளை, இரண்டும் அரிவாள் மாதிரி வளைந்து கிடக்கும். பிரித்தறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. கிணற்றடிச் சீமெந்தில் ஒரு புழுவை வைத்துவிட்டு இரண்டு நிமிசம் பேசாமல் நில்லுங்கள். பூவண்டுப் புழு மல்லாந்து, காலெல்லாம் வானத்தைப் பார்க்க, முதுகாலே ஊர்ந்து போகும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நல்ல வேகம். காண்டாமிருக வண்டின் புழு அப்படிப் போகாது. பக்கவாட்டில் சுருண்டு கிடக்கும், இல்லாவிட்டால் காலை ஊன்றி அரக்கி அரக்கி நகரப் பார்க்கும். தலையையும் பாருங்கள். காண்டாமிருகத்தின் தலை பெரிது, கடுங்கபிலம், கால்களும் நீளம். மற்றதற்கு உடல் கொழுத்து, தலை சின்னது, கால் குட்டை. முழு வளர்த்தியில் காண்டாமிருகப் புழு 6 தொடக்கம் 10 சதமமீற்றர் வரை வரும். நீங்கள் பெருவிரல் மொத்தம் என்று எழுதினதைப் பார்த்தால் கெட்டதும் கலந்துதான் இருக்கும் போல.

இதற்குக் காரணமும் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த வண்டின் முட்டை பத்து நாளளவில் பொரிக்கும். புழுவாக 3 தொடக்கம் 6 மாதம் கிடக்கும். பிறகு மூன்று கிழமையளவு கூட்டுப்புழு. பிறகு வண்டாகிப் பறந்து தென்னைக்குப் போகும். ஏழு மாதம் அசையாமல் கிடக்கிற கும்பி என்றால் அதற்கு முட்டையில் இருந்து வண்டு வரைக்கும் ஒரு முழுப் பிறவிக்கும் இடம் கொடுத்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் கிளறுகிறவன் வளவில் ஒரு புழுவுக்கும் வண்டாக நேரம் கிடைக்காது. வண்டு குடைந்த ஓட்டையால் கசிகிற புளித்த மணத்துக்கு அடுத்ததாகச் செவ்வண்டு வந்து முட்டையிடும். தென்னை விழுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆளால்தான். அதனால் காண்டாமிருகப் புழுவுக்கு இரக்கம் வேண்டாம். பொறுக்கி ஒரு வாளி சவர்க்காரத் தண்ணியில் போடுங்கள். வெட்டினபடி விட்ட தென்னங்குற்றி கிடந்தால் அதையும் பிளந்து பாருங்கள், அங்கேயும் இதே குடும்பம் இருக்கும்.

பொறுக்கும்போது ஒரு புழு கல்லு மாதிரி இறுகி, மேலே பச்சைத் தூள் பூசினது போலக் கிடந்தால் அதை மட்டும் எறியாதீர்கள். அது மெற்றாறைசியம் என்ற பூஞ்சணம் பிடித்துச் செத்த புழு. தென்னைக்காரர் இதையே வளர்த்துக் கும்பிகளில் தூவுகிறார்கள். உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. உதிர்த்து ஈரமான பக்கத்தில் கலந்து விடுங்கள்.

குசினிக் கழிவு கொட்டுகிற ஈர மூலையில் தட்டையாய், சாம்பல் கபில நிறத்தில், நெளிகிற புழுக் கூட்டம் ஒன்றும் இருந்திருக்க வேணும். அதைச் சொல்லவில்லை, கண்டிருந்தால் அதுக்கும் ஓடியிருப்பீர்கள்! அது கறுப்புப் படைவீர ஈயின் புழு. அந்த ஈ கடிக்காது, சோற்றில் வந்து மொய்க்காது. அதன் புழு நிறைந்த இடத்தில் வீட்டு ஈ குறையும். கூட்டம் அளவுக்கு மிஞ்சினால் கும்பியில் ஈரமும் சோறும் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இரண்டு கடகம் சருகு போடுங்கள், அவ்வளவுதான்.

இனி, ஏன் இத்தனை உயிர் அங்கே வந்து குடியிருக்கிறது என்பதைச் சொல்ல வேணும். அது விளங்கினால் எப்போது புரட்டலாம், எப்போது கூடாது என்பது தானாக விளங்கும். பச்சையும் சருகும் சாணகமும் சேர்த்து ஒரு கன மீற்றருக்குக் குறையாமல் குவித்தால் சில நாளிலேயே நடுப்பகுதி 55 தொடக்கம் 65 பாகை வரை சூடேறும். அது பக்ரீரியாக்களின் வேலை. அந்தச் சூட்டில் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். மண்புழு, தேரை, பாம்பு ஒன்றும் உள்ளே நிற்காது. அப்போது புரட்டினால் ஒருவருக்கும் நட்டமில்லை. வெளியில் கிடந்த வேகாததை உள்ளே தள்ளி, உள்ளே மூச்சு முட்டினதுக்குக் காற்றுக் கொடுக்கிறோம். திரும்பச் சூடேறும். இந்தியாவின் இந்தூரில் அல்பேர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய விவசாய விஞ்ஞானி 1920களில் வகுத்து 1931இல் எழுதின முறையிலும் கும்பியை மூன்று தரம் புரட்டச் சொல்லியிருக்கிறது. எல்லாப் புரட்டலும் முதல் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அதுக்குப் பிறகு கும்பி ஆறும். ஆறினால் ஊர் கூடிவிடும். முதலில் பூஞ்சணம், பிறகு மண்புழு, மரவட்டை, அதுகளைத் தின்ன மட்டத்தேள், தேரை, அரணை, அரணையைத் தேடிப் பாம்பு. உங்கள் கும்பி இப்போது இந்த நிலையில் இருக்கிறது. இதை மண்வெட்டியால் ஒரேயடியாகப் புரட்டுவது, ஆட்கள் இருக்கிற வீட்டைக் கூரையோடு கவிழ்ப்பது மாதிரி. பிரயோசனமும் இல்லை. உக்கி முடிந்த எருவைப் புரட்டினாலும் இனிச் சூடேறாது.

சூடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வெப்பமானி வாங்கத் தேவையில்லை. ஒரு இரும்புக் கம்பியைக் கும்பியின் நெஞ்சுக்குள் குத்திப் பத்து நிமிசம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்கக் கை பொறுக்காவிட்டால் புரட்டலாம். இளஞ்சூடு என்றால் இனிப் புரட்டுகிற காலம் போய்விட்டது, பக்கத்தால் அள்ளுகிற காலம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அலவாங்கு இருந்தால் அதுவே போதும்.

அள்ளுகிற விதம் இது. இப்போது ஆடி, சோளகக் காற்று அடிக்கிறது. கும்பியின் வெளிப்பக்கம் காய்ந்து உமியாய் இருக்கும். எறும்பும் கறையானும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கும். அதுகள் நிற்கிறது என்றால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். முதல் நாள் பின்னேரம் அந்தப் பக்கத்துக்கு இரண்டு மூன்று வாளி தண்ணி தெளித்து விடுங்கள். அடுத்த நாள் வெயில் நன்றாக ஏறின பிறகு போங்கள், விடியப்புறமும் வேண்டாம், பொழுதுபட்ட பிறகும் வேண்டாம். நீளத் தடியால் கும்பியிலும் சுற்று நிலத்திலும் தட்டுங்கள். மேல்மூடி ஓலையையும் சருகையும் தடியால் இழுத்து விலக்கிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வாருங்கள். அந்த இடைவெளியில் போகக்கூடியதெல்லாம் போய்விடும். போவதற்கு ஒரு இடமும் வேணும்தானே? நாலு முழம் தள்ளி, நிழலில், பழைய கிடுகும் பனைமட்டையும் ஒரு சின்னக் குவியலாகப் போட்டு வையுங்கள். என் வளவில் தேரையும் அரணையும் அந்தக் குவியலுக்குப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மண்வெட்டி வேண்டாம். பல்லுள்ள இரும்பு முள்ளு வாங்குங்கள். மண்வெட்டி புழுவைத் துண்டாக்கும். மண்புழுவை வெட்டினால் இரண்டாகி இரண்டும் பிழைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நாங்களும் நம்பினோம். உண்மையில் தலைப்பக்கம் சில வேளை பிழைக்கும், வால்பக்கம் செத்துப்போகும். ஒரு பக்கத்தில் மட்டும் தொடங்கி, மேலிருந்து கீழாகக் கால்வாசியை எடுத்துக் கடகத்தில் போட்டு, பரவி, புழுவைப் பொறுக்குங்கள். கறுப்பாய், மண் மணத்தோடு இருக்கிறதை அரித்து எடுத்து வையுங்கள். உக்காத பொச்சு, மட்டை, ஈர்க்கு எல்லாம் அடுத்த கும்பிக்கு அடிப்படை. மீதி முக்கால்வாசியை மூடிவிட்டு மூன்று கிழமை கழித்து அடுத்த கால்வாசி. புரட்டாதி முடிகிறதுக்குள் முழுக்கும்பியும் கையால் பார்த்து முடிந்துவிடும். வண்டுக்கு நேரம் கிடைக்காது, மற்றதுகளுக்கு ஒரே நாளில் வீடும் போகாது.

தேரையும் அரணையும் உங்கள் கூலியில்லா வேலைக்காரர். கோடையில் தேரை ஈரம் தேடிக் கும்பிக்குள் புதைந்து கிடக்கும். ஒருமுறை என் முள்ளு ஒரு தேரையின் தொடையில் ஏறிவிட்டது. அன்றிலிருந்துதான் நான் தட்டிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற ஆள். அரணை பற்றி ஊரில் சொல்லுவினமே, நக்கினால் மரணம் என்று. அதற்கு நஞ்சே இல்லை. சருகுக்குள் நீள்வட்டமாய், தோல் மாதிரி மெதுமெதுப்பான முட்டைகள் கண்டால் அது ஓணானோடதாகவோ அரணையோடதாகவோ இருக்கலாம், பாம்போடதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் உருட்டிப் பார்க்காதீர்கள். ஊர்வனவின் முட்டையைத் திருப்பினால் உள்ளே இருக்கிற குஞ்சு செத்துப்போகலாம். கிடந்தபடி மூடி அந்தப் பக்கத்தை இரண்டு மாதம் விட்டுவிட்டு மறுபக்கத்தால் அள்ளுங்கள். மட்டத்தேளும் தேளும் கையுறை போடாத ஆளுக்குத்தான் பிரச்சினை. நட்டுவக்காலி உருவத்தில் பயங்கரம், ஆனால் தானாக வந்து கொட்டாது.

இனி பாம்பு. செட்டை கிடந்தால் பாம்பு அங்கேயே இருக்கிறது என்று இல்லை, ஒரு நாள் அந்த வழியால் போயிருக்கிறது. அந்தச் செட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், நிறையச் சொல்லும். முதுகு நடுவரிசைச் செதில் மற்றவற்றைவிடப் பெரிதாய் ஆறு மூலையோடு இருந்தால் அது கட்டுவிரியன். செதில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு மேடு கட்டி, தொட்டால் சொரசொரப்பாக இருந்து, செட்டையும் கட்டையும் தடிப்புமாக இருந்தால் கண்ணாடி விரியனை, அதாவது நாங்கள் புடையன் என்கிறதை, நினைக்க வேணும். ஆறடி ஏழடி நீளத்துக்கு, வழுவழுப்பாக இருந்தால் அனேகமாகச் சாரை. சாரை எலி பிடிக்கிற பாம்பு, நஞ்சில்லை, விடுங்கள். கரையோர மணல் ஊர்களில் சின்னச் சுருட்டையும் உண்டு. கோண்டாவில் செம்மண்ணில் நாகமும் விரியனும்தான் என் கவலை. இதெல்லாம் ஊகிக்கத்தான். செட்டையைப் பார்த்துவிட்டுக் கையை விடலாம் என்று முடிவெடுக்காதீர்கள். முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, தடித்த கையுறை, வெறுங்கையை ஒருபோதும் குப்பைக்குள் விடாமை, இவ்வளவும் இருந்தால் போதும்.

கடித்துவிட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேரே யாழ். போதனா வைத்தியசாலைக்கு. கட்டுவிரியன் கடித்தால் நோவும் வீக்கமும் அனேகமாக இராது. "ஒன்றும் செய்யவில்லை, எறும்பாக்கும்" என்று படுக்கிறவர்கள்தான் விடியும்போது கண் திறக்க முடியாமல் கிடப்பார்கள். நோகவில்லை என்றாலும் போங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பாம்பைவிட எலியில் பயம் கூட. கும்பியில் சோறும் மீன் கழிவும் போடுகிறீர்களா? அடியில் கைமுட்டி அளவு பொந்து இருந்தால் அது அகழான். அது இருக்கிற வரைக்கும் பாம்பும் வரும். 2024 மார்கழியில், மழை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது நினைவிருக்கும். அந்தக் கிருமி எலியின் சிறுநீரோடு ஈர மண்ணுக்கு வருகிறது, காலில் கையில் இருக்கிற கீறலால் உள்ளே போகிறது. ஆகையால் மாரி தொடங்கின பிறகு வெறுங்காலோடு கும்பி கிளறுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். வேலை முடிந்து ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் வந்தால், கும்பியில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏற்பு ஊசி போட்டுப் பத்து வருசம் தாண்டியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சலரோகம் உள்ளவர்கள் காயத்தோடு இந்த வேலைக்குப் போகவே வேண்டாம், வேறு ஆளைப் பிடியுங்கள். மீனையும் சோற்றையும் நிறுத்தினால் அகழான் தானாக வேறு வளவு பார்க்கும். சிரட்டைகளைக் கவிழ்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நுளம்புக்குத் தொட்டி கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

மாமி சொன்ன கோழி. யோசனை பிழையில்லை, இடம்தான் பிழை. கோழிக்குக் காண்டாமிருகப் புழுவும் ஒன்று, மண்புழுவும் ஒன்று, தேரைக் குஞ்சும் ஒன்று. கும்பியில் விட்டால் மூன்றையும் முடித்துவிட்டு எருவையும் வேலி வரைக்கும் சிதறிவிடும். நீங்கள் அள்ளிப் பரவிப் பொறுக்கின பிறகு, அந்தப் பரவின இடத்தில் அரை மணித்தியாலம் விடுங்கள். தப்பினதை அது பொறுக்கும். கோழி இல்லாவிட்டாலும் குறையில்லை. முள்ளுச் சத்தம் கேட்டதுமே புலுனிகள் ஏழெட்டாய்ச் சேர்ந்து வந்து சண்டை பிடித்துப் பொறுக்கும். செண்பகம் தனியே வந்து மதிலில் இருந்து பார்த்துவிட்டு, ஆள் விலகினதும் இறங்கும்.

அடுத்த கும்பிக்கு இரண்டு மூன்று சொல்லி வைக்கிறேன். பூவரசு, கிளிசரியா, வேப்பங்குழை, சாணகம், சருகு எல்லாம் நல்லது. பூத்த பாத்தீனியத்தை மட்டும் போடாதீர்கள், சூடேறாத கும்பியில் அதன் விதை சாகாது. சில கையேடுகளில் சுண்ணாம்பு தூவச் சொல்லியிருக்கும். அது புளிப்பு மண் உள்ள மலைநாட்டுக்கும் தென்பகுதிக்கும் சரி. எங்கள் மண் தொடக்கத்திலேயே சுண்ணாம்பு மண், சாம்பலே அளவோடு போட வேணும். கிணற்றில் இருந்து நான் குறைந்தது 50 அடி விடுவேன். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கனவே கூடிக் கிடக்கிறது, அதற்கு எங்கள் எருவும் சேர வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினபோது வீட்டுக்கு வீடு அவசரமாகக் குவித்த கும்பிகள் பல கிணற்றுக் கட்டோடு ஒட்டித்தான் கிடந்தன. கும்பியை ஓரளவு நிழலில் வையுங்கள். அள்ளி இறுகப் பிடித்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி வர வேணும், அந்த ஈரம் போதும். போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறின ஆட்கள் யாரும் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒன்று: பற்றை மூடின வளவில் பழைய குப்பைமேடு கிடந்தால் அலவாங்கால் குத்திக் கிளறாதீர்கள். இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் அது போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம், நிறுத்திவிட்டுக் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, முழுக்கும்பியையும் அள்ளி முடிக்கிறபோது வேலியோர நிழல் மூலையில் ஒரு கடகமளவு சருகுக் குவியலை மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கடகமானால் அங்கேயும் காண்டாமிருகம் முட்டையிடும், ஒரு கடகம் போதும். புரட்டாதி, ஐப்பசியில் ஆறுமணிக்குருவி கடல் தாண்டி இந்தியாவில் இருந்து வரும். சித்திரை வரைக்கும் நிற்கும். காலை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் இரண்டு குரலில் கூப்பிட்டுவிட்டு நிலத்தில் இறங்கிச் சருகைத் தள்ளித் தள்ளிப் புழு தேடும். போன வருசம் என் வளவில் அது முதல் வந்து இறங்கினது, நான் துப்புரவாக்கி அழகுபடுத்தின பக்கத்தில் இல்லை, மறந்துபோய் விட்ட ஒரு பலாச்சருகுக் குவியலில்.